கிண்ணத்தில் நின்ற நீலம்

கேள்வி:

ஐயா, நாங்கள் தூத்துக்குடியில் வசிக்கிறோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உயிருள்ள நீலக்கால் நண்டு ஒரு கிலோ வாங்கினோம். காலை ஒடித்து, ஓட்டைப் பிளந்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். மசாலா வதக்கிவிட்டு வந்து பார்த்தால், கிண்ணத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் நீலமாகியிருந்தது. மயில்துத்தத்தைக் கொஞ்சமாகக் கரைத்தது போன்ற நிறம். கெடாமல் இருக்க ஏதோ மருந்து போட்டிருக்கிறார்கள் என்று பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "அது நண்டின் ரத்தமாக இருக்குமோ?" என்று கேட்டாள். நண்டுக்கு ரத்தமே கிடையாது என்கிறார் என் மாமியார். பள்ளியிலும் அவளுக்கு அப்படித்தான் சொன்னார்களாம். உறவினர் ஒருவர் நீல ரத்தம் பெரும் விலைக்குப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். அந்த நீலத்துக்குக் காரணம் செம்பு என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் செம்புக் குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம். நண்டும் சாப்பிட்டால் உடம்பில் செம்பு கூடிவிடாதா? கணவாயின் மையும் ரத்தம்தானா என்று மகள் கேட்கச் சொன்னாள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னது சரி. நீங்கள் பார்த்தது நண்டின் ரத்தம். யாரும் எந்த மருந்தும் போடவில்லை. அந்த நீலத்தில் நஞ்சும் இல்லை. ஒரு கிலோ நல்ல நண்டு வீணாகிவிட்டதே என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் வருந்தியது. ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, யாரும் சொல்லித்தராமல், தன் கண்ணால் பார்த்ததை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்பது அந்த வருத்தத்தைப் போக்கிவிட்டது. அவளுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். நண்டை வெட்டும்போது சிவப்பாக எதுவும் வழிவதில்லை. தண்ணீர் போல ஏதோ ஒழுகுகிறது, அவ்வளவுதான். கடல் தண்ணீர்தான் வடிகிறது என்று நினைப்பது இயல்பு. நம் மொழியும் அதற்கு ஒரு காரணம். ரத்தத்துக்குச் செந்நீர் என்றே பெயர் வைத்திருக்கிறோம். பெயருக்குள்ளேயே நிறம் இருக்கும்போது, சிவக்காத நீரை ரத்தம் என்று எண்ணத் தோன்றுமா?

நண்டின் உடம்பில் ரத்தம் ஓடும் விதமும் நம்முடையது போன்றதல்ல. நம் ரத்தம் இதயத்திலிருந்து கிளம்பி, மயிரிழையிலும் மெல்லிய குழாய்கள் வழியே போய், குழாய்க்குள்ளேயே திரும்பி வருகிறது. நண்டுக்கும் இதயம் உண்டு, அதிலிருந்து கிளம்பும் குழாய்களும் உண்டு. ஆனால் அந்தக் குழாய்கள் பாதியில் முடிந்துவிடுகின்றன. அதன்பின் ரத்தம் உறுப்புகளுக்கு இடையிலுள்ள வெளிகளில் பரவி, அவற்றை நனைத்துக்கொண்டே செவுளுக்குப் போய், மறுபடி இதயத்தை அடைகிறது. நண்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்த ரத்தம்தான். நம் உடம்பில் அது நூற்றில் ஏழு பங்கு. நீங்கள் ஓட்டைப் பிளந்ததும் அவ்வளவு நீர் கொட்டியது அதனால்தான். நண்டு ரசம் கொதிக்கும்போது சாம்பல் நிறத்தில் திரிதிரியாக மிதந்து வருமே, அதிலும் பெரும்பகுதி ரத்தத்திலுள்ள புரதம்தான். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவது போல அதுவும் இறுகிவிடுகிறது.

நான் முதுகலை படித்தது பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில். நண்டின் ரத்தத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். நீலக்கால் நண்டின் கடைசி ஜோடிக் கால்கள் துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கும். அந்தக் கால் உடம்போடு சேரும் மூட்டில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. சிரிஞ்சு ஊசியை அதில் மெதுவாகச் செருகி இழுத்தால் ரத்தம் ஏறும். எனக்கு ஏறியது அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் மாதிரி, நிறமே இல்லாத ஒன்று. தவறான இடத்தில் குத்திவிட்டேன் என்று நினைத்து, ஊசியை உருவி சிரிஞ்சை மேசைமேல் வைத்தேன். உள்ளே ஒரு காற்றுக்குமிழி அகப்பட்டிருந்தது. சற்று நேரத்தில் அந்தக் குமிழியைச் சுற்றி மட்டும் வளையம் போல நீலம் ஏறத் தொடங்கியது. குமிழிக்குத் தள்ளியிருந்த ரத்தம் இன்னும் வெளிறியே இருந்தது. சிரிஞ்சைக் குலுக்கினேன், முழுவதும் நீலமானது. நாற்பது ஆண்டுகள் ஆகியும் அந்த வளையம் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் கிண்ணத்திலும் அதுவேதான் நடந்தது. நீங்கள் மசாலா வதக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நண்டின் ரத்தம் அடுப்பங்கரைக் காற்றிலிருந்த ஆக்சிஜனை எடுத்துக்கொண்டது. நண்டு உயிரோடு இருந்தபோது செவுளில் எதைச் செய்ததோ, அதையே அந்த ரத்தம் கிண்ணத்திலும் செய்திருக்கிறது.

மயில்துத்தம் போன்ற நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். பொருத்தமான ஒப்புமை. இரண்டிலும் இருப்பது செம்புதான். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின், அதன் மையத்தில் இருப்பது இரும்பு. நண்டின் ரத்தத்தில் அந்த வேலையைச் செய்யும் புரதத்துக்கு ஹீமோசயனின் என்று பெயர், அதன் மையத்தில் இருப்பது செம்பு. செம்மை நிறத்தால் செம்பு என்று பெயர் பெற்ற உலோகம் நண்டின் ரத்தத்தை நீலமாக்குகிறது. பழந்தமிழ் கரும்பொன் என்று சொன்ன இரும்பு நம் ரத்தத்தைச் சிவப்பாக்குகிறது. உலோகத்தின் நிறம் வேறு, அது இன்னொன்றோடு சேரும்போது காட்டும் நிறம் வேறு. வெளியில் வைத்த செம்புக் குடத்தில் களிம்பு பச்சையாகப் படிவதைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அதே போலத்தான்.

ஹீமோசயனினில் செம்பு அணுக்கள் இரண்டிரண்டாக, அருகருகே அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் மூன்று கைகள் பிடித்திருக்கும். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து இந்த இரண்டு செம்புக்கும் நடுவே உட்காருகிறது. உட்கார்ந்ததும் ஒவ்வொரு செம்பும் ஓர் எலெக்ட்ரானை அதற்கு விட்டுக்கொடுக்கிறது. அப்படி விட்டுக்கொடுத்த நிலையில்தான் செம்பு நீலம் காட்டும். மயில்துத்தத்திலும் செம்பு அந்த நிலையில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் எழுந்து போகும்போது எலெக்ட்ரான்கள் திரும்பிவிடுகின்றன, நிறமும் போய்விடுகிறது. நம் ரத்தம் ஆக்சிஜன் இருந்தாலும் சிவப்பு, இல்லாவிட்டாலும் சற்று இருண்ட சிவப்பு. நண்டின் ரத்தமோ மூச்சு ஏறினால் நீலம், இறங்கினால் வெறும் நீர். ஆக்சிஜன் வருவதையும் போவதையும் வெறுங்கண்ணால் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் ஃப்ரெடெரிக் என்ற உடலியலாளர். பிரான்சின் ரோஸ்காஃப் கடலோர ஆய்வுக்கூடத்தில் அவர் பேய்க்கணவாயை, அதாவது எட்டுக்கால் கணவாயை, ஆராய்ந்தார். செவுளிலிருந்து வெளியே வரும் குழாயில் ரத்தம் நீலமாகவும், உடம்பைச் சுற்றிவிட்டுச் செவுளுக்குத் திரும்பும் குழாயில் வெளிறியும் இருப்பதைக் கவனித்தார். அந்த நிறத்துக்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்து, அதில் செம்பு இருப்பதைக் கண்டு, 1878இல் ஹீமோசயனின் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ரத்தம் என்ற சொல்லும் நீலம் என்ற சொல்லும் சேர்ந்த பெயர் அது. ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கி நிற்கும் ஹீம் என்ற வளையம் இதிலும் இருக்கும் என்று பெயரைப் பார்த்துக் கல்லூரி மாணவர்களே தேர்வில் எழுதிவிடுவார்கள். அப்படி எந்த வளையமும் இதில் இல்லை. செம்பு நேராகப் புரதத்தோடுதான் பிணைந்திருக்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் ஹீமோகுளோபின் சிவப்பணு என்ற பைக்குள் அடைபட்டுப் பயணம் செய்கிறது. ஹீமோசயனின் எந்த அணுவுக்குள்ளும் இருப்பதில்லை, ரத்த நீரில் நேராகக் கரைந்திருக்கிறது. இப்படிக் கரைந்த புரதத் துகள்களின் எண்ணிக்கை அதிகமானால், ரத்தம் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். எடை எவ்வளவு என்பது அங்கே கணக்கில்லை, துகள்கள் எத்தனை என்பதுதான் கணக்கு. ஒரே தெருவில் நாற்பது பேர் நாற்பது ஆட்டோக்களில் வந்தால் தெரு அடைத்துக்கொள்ளும், அதே நாற்பது பேர் ஒரு பஸ்ஸில் வந்தால் இடம் இருக்கும். ஹீமோசயனின் அந்தப் பஸ்ஸைப் போன்றது. சிங்கி இறாலின் ஹீமோசயனினில் ஆறு புரத அலகுகள் ஒன்றாகக் கூடி ஒரே துகளாக இருக்கும், அதில் 12 செம்பு அணுக்கள், 6 ஆக்சிஜனுக்கு இடம். இந்த அமைப்பை அணு அணுவாகப் படம்பிடித்து 1984இல் வெளியிட்டவர்கள் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார். குதிரைலாட நண்டில் இத்தகைய ஆறு அலகுக் கூட்டங்கள் எட்டு சேர்ந்து 48 அலகுகளாகின்றன. நத்தையிலும் கணவாயிலும் அதன் அமைப்பே வேறு, உள்ளே வெற்றிடமுள்ள உருளை வடிவம். நண்டு, தேள் போன்ற கணுக்காலிகளும் நத்தை, கணவாய் போன்ற மெல்லுடலிகளும் ஒன்றிடமிருந்து ஒன்று பெற்றுக்கொள்ளாமல், தனித்தனியே செம்பைக் கையில் எடுத்திருக்கின்றன.

அப்படியானால் நீல ரத்தம் நம் ரத்தத்தைவிட மட்டமா? மகள் இதைக் கேட்காமல் விடமாட்டாள். சுமக்கும் அளவில் பார்த்தால் குறைவுதான். நம் ரத்தம் 100 மில்லியில் ஏறக்குறைய 20 மில்லி ஆக்சிஜனை ஏந்தும். கணவாய் இனங்களில் அது 4 அல்லது 5 மில்லி, நண்டில் 1 முதல் 2 மில்லி. வெறும் கடல்நீரில் அரை மில்லிதான் கரையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கணவாய்க்கு மூன்று இதயங்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு இதயங்கள் இரண்டு செவுள்களுக்குள் ரத்தத்தை அழுத்தித் தள்ளும், மூன்றாவது உடம்பு முழுவதற்கும் அனுப்பும். பெரிய கணவாய் ஒன்றைச் சுத்தம் செய்யும்போது, ஒவ்வொரு செவுளின் அடியிலும் ஒரு சிறு உருண்டை இருக்கும். அவைதான் செவுள் இதயங்கள். மகளுக்குக் காட்டுங்கள்.

ஆனால் அளவை மட்டும் வைத்து உயர்வு தாழ்வு சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. களி நண்டைக் கயிற்றால் கட்டிக் கூடையில் அடுக்கி வைத்திருப்பதைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் இல்லாமல், செவுளின் ஈரத்தை மட்டும் நம்பி அது நாள் கணக்கில் உயிரோடு இருக்கிறது. ஆக்சிஜன் போதாமல் போகும்போது அதன் உடம்பில் லாக்டேட் சேர்கிறது. நாம் வேகமாக ஓடும்போது நம் தசையில் சேரும் அதே பொருள்தான். நண்டினங்கள் பலவற்றில் இந்த லாக்டேட் போய் ஹீமோசயனினோடு ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜன்மேல் அதன் பிடியை இறுக்குகிறது. கிடைப்பது குறையக் குறைய, கிடைத்ததைத் தவறவிடாமல் பற்றுகிறது. பிரெஞ்சு உடலியலாளர் ஒருவர் இதை 1980இல் எழுதியபோது, நண்டு ஆய்வில் இருந்த நாங்கள் அந்தக் கட்டுரையைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். உறைகுளிரான அண்டார்டிகக் கடலிலும் ஹீமோசயனினை வைத்தே கணவாய்கள் வாழ்கின்றன. அங்குள்ள ஒரு மீன் குடும்பத்துக்கோ ஹீமோகுளோபினே கிடையாது, ரத்தம் நிறமற்றது. முதுகெலும்புள்ள பிராணிக்கு ரத்தம் சிவப்பு என்ற விதிகூட அங்கே நிற்காமல் போகிறது.

பள்ளியில் சொன்னதைப் பற்றி ஆசிரியையிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நண்டின் ரத்தத்தை விலங்கியலில் ஹீமோலிம்ஃப் என்று வேறு பெயரால் அழைப்பதுண்டு, நம்முடையது போல ரத்தமும் நிணநீரும் தனித்தனியே பிரியாததால். அதைச் சுருக்கிச் சொல்லப்போய் ரத்தம் இல்லை என்று ஆகியிருக்கலாம். ஆனால் மகள் மனத்தில் ரத்தம் என்றால் சிவப்பு என்ற முடிச்சு விழுந்துவிடக் கூடாது. அதை அவிழ்க்க டெல்டா மாவட்டத்து வயல் ஒன்றே போதும். அங்கே பெரிய உருண்டை நத்தை இருக்கும், கறி வைக்கிறார்களே, அது. அதன் ரத்தத்தில் ஹீமோசயனின், மெல்லிய நீலம். அதே தண்ணீரில் தட்டையாகச் சுருண்ட சிறு நத்தை ஒன்றும் ஊரும். அதன் ரத்தத்தில் ஹீமோகுளோபின், நம்முடையது போலச் சிவப்பு. ஒரே வயல், இரண்டும் நத்தை, ஒன்று செம்பு, ஒன்று இரும்பு. மண்புழுவின் ரத்தம் சிவப்பு. கருந்தேளின் ரத்தம் நீலம். கரப்பான் பூச்சியின் ரத்தத்துக்கு ஆக்சிஜனைச் சுமக்கும் வேலையே இல்லை, காற்றுக்குழாய்கள் நேராக உறுப்பு வரைக்கும் போய்விடுவதால் வெளுத்திருக்கிறது. கொசுவை அடித்தால் கையில் படும் சிவப்பு நம்முடையது அல்லது நம் வீட்டு மாட்டினுடையது.

இனி மருந்து போட்டிருப்பார்களோ என்ற பயம். இறாலில் உண்மையிலேயே ஒன்று போடுகிறார்கள், அதைத் தெரிந்துகொள்வது நல்லது. பிடித்து வைத்த இறாலின் தலையும் ஓட்டின் ஓரமும் கறுத்துப் போகும். இதைச் செய்வது ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. அதன் மையத்திலும் இரண்டு செம்பு அணுக்கள், அதே ஆறு ஹிஸ்டிடின் கைகள். ஹீமோசயனினுக்கு இது நெருங்கிய உறவு. இந்த வேதியியல் உங்கள் அரிவாள்மனைக்கும் பழக்கமானது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறது, வாழைப்பூவை மோரில் போடுகிறோம், கத்தரிக்காயைத் தண்ணீரில் போடுகிறோம். அங்கேயும் செம்பை மையமாகக் கொண்ட நொதிதான் காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துக் கறுக்க வைக்கிறது. மோரின் புளிப்பு அதை அடக்குகிறது, தண்ணீர் காற்றைத் தடுக்கிறது. இறாலில் அந்தக் கறுப்பைத் தடுக்க சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்ப்பதுண்டு. வரம்புக்குள் இருந்தால் அனுமதிக்கப்பட்டதுதான். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆனால் அது எந்த நீலத்தையும் தராது. நண்டைப் பொறுத்தவரை நம்பக்கூடியவை உங்கள் கண்ணும் மூக்கும்தான். காலை அசைக்கிறதா, தொட்டால் கொடுக்கைத் தூக்குகிறதா, அம்மோனியா நெடி அடிக்கிறதா என்று பாருங்கள். நெடி அடித்தால் நிறம் எப்படி இருந்தாலும் வேண்டாம். இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நீலக்கால் நண்டின் ஓட்டிலுள்ள நீலத்துக்கும் ரத்தத்தின் நீலத்துக்கும் தொடர்பில்லை. ஓட்டில் இருப்பது அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருள், ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால் நீலமாகத் தெரிகிறது. வேகும்போது புரதம் பிடியை விட்டுவிடுகிறது, ஓடு சிவக்கிறது.

வாட்ஸ்அப்பில் வந்தது குதிரைலாட நண்டைப் பற்றிய செய்தி. பெயரில் நண்டு இருந்தாலும், அது தேளுக்கும் சிலந்திக்கும்தான் நெருங்கிய உறவு. நம் நாட்டில் ஒடிசா, மேற்கு வங்கக் கடலோரங்களில் வாழ்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் அதைப் பிடிப்பது குற்றம். அதன் ரத்தமும் ஹீமோசயனினால் நீலம்தான். ஆனால் மருத்துவ உலகம் தேடுவது அந்த நீலத்தை அல்ல. இந்த இடத்தில்தான் பரவிவரும் செய்திகள் பெரும்பாலும் தவறிவிடுகின்றன. அந்த ரத்தத்தில் நிறமற்ற அணுக்கள் மிதக்கின்றன. சில வகைப் பாக்டீரியாக்களின் உறையிலுள்ள நச்சு துளியளவு பட்டாலும், அவற்றிலிருந்து வரும் பொருள் உடனே உறைந்துவிடும். ஊசி மருந்திலும் தடுப்பூசியிலும் அந்த நச்சு இருக்கிறதா என்று சோதிக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் ஃபிரெடரிக் பாங், ஜாக் லெவின் இருவரும் கண்டறிந்த இந்த முறை 1970களில் நடைமுறைக்கு வந்தது. அதற்காக ஆண்டுதோறும் ஏராளமான குதிரைலாட நண்டுகளைப் பிடித்து, ரத்தம் எடுத்து, கடலில் விடுகிறார்கள். ஒரு பகுதி இறந்துவிடுகின்றன. சிங்கப்பூர் விஞ்ஞானிகள் அந்த அணுவின் புரதத்தை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்க வழி கண்டுவிட்டார்கள். உலகம் மெதுவாக அதற்கு மாறிவருகிறது, இன்னும் வேகமாக மாற வேண்டும் என்பது என் ஆசை. ஹீமோசயனினே மருத்துவத்துக்கு உதவும் கதை தனி. கலிபோர்னியக் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் ஒரு நத்தையினத்தின் ஹீமோசயனின் மிகப் பெரிய துகள், நம் உடம்புக்கு முற்றிலும் அந்நியமானது. அதனால் நம் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டதும் விழித்துக்கொள்ளும். தடுப்பூசி ஆய்வுகளில் சிறு மூலக்கூறுகளை அதன்மேல் ஏற்றி அனுப்புகிறார்கள். நீங்கள் வாங்கிய நண்டு இந்த இரண்டு கதைகளிலும் இல்லை.

செம்புக் குடத்துக்கு வருவோம். செம்பு நமக்கு வேண்டிய சத்துதான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் போதும். 100 கிராம் நண்டுச் சதையில் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் வரை இருக்கும். ஹீமோசயனினைத் தின்றால் அது செரித்து மற்றப் புரதங்களைப் போல உடைந்துவிடும், மிஞ்சிய செம்பைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியேற்றிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நல்ல தண்ணீரை ஓர் இரவு சுத்தமான குடத்தில் வைத்துக் குடிப்பதால், ஞாயிறுதோறும் நண்டும் சாப்பிடுவதால், எதுவும் ஆகிவிடாது. புளி, எலுமிச்சைச் சாறு, மோர் இவற்றை மட்டும் ஈயம் பூசாத செம்பில் வைக்காதீர்கள். புளிப்பு செம்பை அளவுக்கு மீறிக் கரைத்துவிடும், வயிற்றைப் பிரட்டும்.

ஒரு சாராருக்கு இது பொருந்தாது. வில்சன் நோய் உள்ளவர்களின் கல்லீரலால் செம்பை வெளியேற்ற முடியாது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் நண்டு, இறால், கணவாய், செம்புக் குடத்துத் தண்ணீர் எதுவும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டுக்குள் மஞ்சளாகக் கொழுப்பு போல ஒன்று இருக்கிறதே, பலர் விரும்பி வழித்துச் சாப்பிடுவது, அதுதான் நண்டின் செரிமானச் சுரப்பி. நண்டு தோலுரிக்கும் காலத்தில் ரத்தத்தின் செம்பை அங்கேதான் சேமித்து வைத்து, புது ஓடு இறுகும்போது திரும்ப எடுத்து ஹீமோசயனின் செய்துகொள்ளும். செம்பு மட்டுமல்லாமல், கழிவுநீர் கலக்கும் இடங்களில் காட்மியம் போன்ற வேண்டாத உலோகங்களும் அங்கேயே தங்கும். எப்போதாவது சுவைக்கலாம், வாரந்தோறும் எல்லா ஓட்டையும் வழிக்க வேண்டாம். பிள்ளைகளுக்குச் சதையைக் கொடுங்கள்.

மகளின் கடைசிக் கேள்வி. கணவாயின் மை ரத்தம் இல்லை. அது தனிப் பையில் சுரந்து நிற்கும் நீர், எதிரி வந்தால் பீச்சிவிட்டுத் தப்புவதற்கு. அதன் கறுப்பு மெலனின், உங்கள் மகளின் கூந்தலிலும் கண்மணியிலும் இருக்கும் அதே குடும்பத்து நிறமி. ஆனால் அவள் கேட்டதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அந்த மெலனினை உண்டாக்கும் நொதியிலும் இரண்டு செம்பு அணுக்கள் அருகருகே அமர்ந்திருக்கின்றன. கணவாய் தன் நீல ரத்தத்துக்கும் கறுப்பு மைக்கும் ஒரே வகைச் செம்பு ஜோடியைத்தான் நம்பியிருக்கிறது.

அடுத்த முறை நண்டு வாங்கும்போது, கழுவுவதற்கு முன் வடியும் நீரை இரண்டு சிறு கண்ணாடிப் புட்டிகளில் பிடித்துக்கொடுங்கள். அதற்கென்று உயிருள்ள நண்டைத் துன்புறுத்த வேண்டாம், சமையலுக்கு வெட்டும்போது வடிவதே போதும். ஒரு புட்டியைக் காற்றுக்கு இடமில்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடட்டும். இன்னொன்றில் கால் பங்கு ஊற்றி மூடி நன்றாகக் குலுக்கட்டும். இரண்டையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறத்தைக் குறிக்கட்டும். சற்று நேரத்தில் இரண்டும் கூழ் போல உறைந்துவிடும், காயத்தை அடைக்க நண்டின் ரத்தம் செய்யும் வேலை அது, அதையும் எழுதிவைக்கட்டும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். விளிம்பு வரை நிரப்பிய புட்டியில் கண்டதை அவளே தன் கையெழுத்தில் எனக்கு எழுதட்டும், காத்திருக்கிறேன்.